வைமேயாவின் ‘எடி’ அலைப் போட்டி: நேரில் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஹவாயின் ஓவாஹூ தீவில், வடகரையில் இருக்கும் வைமேயா விரிகுடாவில், எடி ஐகாவ் என்ற லைஃப்கார்டின் பேரில் நடக்கிற பெரிய அலைச் சறுக்குப் போட்டியை (சுருக்கமாக ‘எடி’)ப் பார்க்கப் போகலாமா, போனால் எப்படித் திட்டம் போடுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட் கிடையாது, இன்ன தேதி என்று கிடையாது, இந்தக் குளிர்காலத்தில் நடக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 1984-85 குளிர்காலத்தில் சன்செட் பீச்சில் முதல் முறை நடந்தது, அப்புறம் வைமேயாவுக்கு வந்தது, அன்றிலிருந்து 2024 டிசம்பர் வரை கணக்குப் பார்த்தால் மொத்தமே 11 தடவைதான் நடந்திருக்கிறது. 2009க்குப் பிறகு 2016, அதற்குப் பிறகு 2023. நடுவில் வந்த குளிர்காலங்களில் போட்டி நடக்கவே இல்லை. இவ்வளவுக்கும் பிறகு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. அந்த ஒற்றைச் சாலைக்கு மட்டும் தனியாக ஒரு மதிப்பெண் போட வேண்டும் என்றால் ஒன்றுதான் போடுவேன், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து கொடுக்க முதல் காரணமே, இவர்கள் நடத்தாமல் விடுகிறார்கள் என்பதுதான். விளம்பரதாரர் இருப்பார், ஒளிபரப்புக்கு ஆள் ஏற்பாடு ஆகியிருக்கும், நகராட்சி அனுமதி கையில் இருக்கும், உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து வீரர்கள் விமானம் ஏறியிருப்பார்கள், இருந்தும் அலை சரியில்லை என்றால் இல்லைதான். “தேதியை விரிகுடாதான் சொல்லும்” என்பது பல வருஷம் போட்டியின் இயக்குநராக இருந்த ஜார்ஜ் டவுனிங்கின் வாக்கு. அவர் 2018இல் காலமானார், வாக்கு அப்படியே நிற்கிறது. வருடா வருடம் ஏதோ ஒரு நாளில் பத்தடி அலையில் நடத்தி முடித்திருந்தால் இந்தப் போட்டியை இன்றைக்கு யாரும் இப்படி வாய் நிறையப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என்ன நிபந்தனை என்று கேட்டால், ஹவாய்க் கணக்கில் 20 அடி அலை வேண்டும். அந்த ஊர்க் கணக்கு அலையின் முதுகுப் பக்கத்திலிருந்து அளப்பது. கரையில் நின்று நாம் பார்க்கிற முகப்பு ஏறக்குறைய அதற்கு இரண்டு மடங்கு வரும், அதாவது 40 அடியை ஒட்டி. அதுவும் ஒரு அலை இரண்டு அலை வந்தால் போதாது. நாற்பது பேர், எட்டு எட்டுப் பேராக ஐந்து ஹீட் (ஒரே நேரத்தில் கடலில் இறங்கும் குழு), ஒவ்வொருவரும் இரண்டு முறை இறங்க வேண்டும், ஒரு ஹீட்டுக்கு முக்கால் மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஏழரை மணி நேரம் ஆகிறது. டிசம்பர் கடைசியில் அங்கே ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது, ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. ஆக, எங்கோ ஜப்பானுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவில் கிளம்பிய புயலின் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து, சரியாக அந்தப் பகல் நேரத்துக்குள் வைமேயா வாசலில் வந்து சேர்ந்து, எட்டு மணி நேரம் குறையாமல் நிற்க வேண்டும். நள்ளிரவில் உச்சம் தொட்டுவிட்டு விடியும்போது இறங்கிவிட்டால், எவ்வளவு பெரிய அலையாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இது மட்டும் இல்லை. அலை வரும் திசை மேற்கு-வடமேற்கை ஒட்டி இருக்க வேண்டும், ரொம்ப வடக்கே திரும்பிவிட்டால் விரிகுடாவின் முனையில் சரியாக ஏறாது. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து மெதுவாக வீசினால் அலையின் முகப்பு வழவழவென்று இருக்கும், அந்தப் புயலே தீவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் காற்று எல்லாவற்றையும் கலக்கிவிடும். சிறுத்தாலும் ஆகாது, ரொம்பப் பெருத்தாலும் ஆகாது. 1998 ஜனவரி 28ஆம் தேதி அலை அவ்வளவு பெரிதாக வந்து விரிகுடாவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே சுவராக உடைந்தது. சறுக்கித் தப்பிக்க வழியே இல்லாத அலை. போட்டி நடக்கவில்லை. அன்றைக்குத்தான் கென் பிராட்ஷா ஜெட் ஸ்கீயால் இழுக்கப்பட்டு, கரைக்கு வெகு தூரத்தில் இருக்கும் வெளித் திட்டில் ஒரு ராட்சச அலையைப் பிடித்தார். எடியில் அந்த மாதிரி இழுத்துவிடுவது கிடையாது. சொந்தக் கையால் துடுப்புப் போட்டுத்தான் அலையைப் பிடிக்க வேண்டும். ஜெட் ஸ்கீ மீட்புக்கு மட்டும்.

சரி, இப்போது பார்வையாளருக்கு வருவோம். காத்திருப்புக் காலம் சமீப வருஷங்களில் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை வைக்கிறார்கள். அறிவிப்பு வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு முன்னால். உலகத்தின் வேறு பக்கத்திலிருந்து அறிவிப்பு வந்த பிறகு கிளம்பினால் விமானக் கட்டணம் சொத்தை எழுதி வைக்கச் சொல்லும், போதாக்குறைக்கு அறிவிப்பு திரும்பப் பெறப்படும் ஆபத்து வேறு. 2016 பிப்ரவரி 10ஆம் தேதி நடந்தது இதற்கு நல்ல உதாரணம். போட்டி உண்டு என்று அறிவித்தாகிவிட்டது, ஜனம் முதல் நாள் இரவே வந்து மணலில் படுத்துக் கிடந்தது, விடியற்காலையில் அலை எதிர்பார்த்தபடி வந்து சேரவில்லை என்று ரத்து செய்தார்கள். அத்தனை பேரும் வந்த வழியே திரும்பினார்கள். பதினைந்து நாள் கழித்து பிப்ரவரி 25ஆம் தேதி நிஜமாகவே நடந்தது, ஜான் ஜான் ஃப்ளாரன்ஸ் ஜெயித்தார். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பிராக் லிட்டில் என்ற பழைய வீரர் இறந்துபோயிருந்தார். 1990 போட்டியில் வைமேயாவின் பயங்கரமான அலைகளுக்கு அஞ்சாமல் இறங்கியவர் என்று இன்றும் பேசுவார்கள். அதனால் 2016இல் அவர் இறந்த கையோடு வந்த அந்தப் போட்டி அலைகளுக்கு அவர் பேரையே வைத்துவிட்டார்கள். 2023இலும் ஜனவரி 11ஆம் தேதி என்று பச்சைக்கொடி காட்டி, முன்கணிப்பு மாறியதும் திரும்ப இறக்கினார்கள். கடைசியில் ஜனவரி 22 ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ரத்து ஆனதில் எரிச்சல்பட்டவர்கள் நிறைய. எனக்கு அந்த இரண்டு ரத்தும்தான் இந்த ஏற்பாட்டாளர்கள் மேல் நம்பிக்கையை உண்டாக்கியது. பன்னிரண்டு அடி அலையில் ஒப்புக்கு நடத்தி முடித்துவிட்டு ‘பிரம்மாண்டம்’ என்று அறிவித்திருக்கலாமே, செய்யவில்லை.

அதனால் என் யோசனை இதுதான். எடியை மட்டும் நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். வடகரையின் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறோம் என்று போங்கள். டிசம்பர், ஜனவரியில் அந்தக் கரையின் மற்ற அலை இடங்களான பைப்லைனும் சன்செட்டும் எப்படியும் உயிரோடுதான் இருக்கும், பார்க்கக் காசு கிடையாது, கரையில் உட்கார்ந்தாலே நாள் போவது தெரியாது. அதன் நடுவில் எடி வந்துவிட்டால் அதிர்ஷ்டம். தேதி மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. தங்குமிடத்திலும் அதே மாதிரி கேட்டு வாங்குங்கள். நான் ஹொனலுலுவில் முதலில் எடுத்த ஒரு தங்குமிடத்தில் தேதியை ஒரு நாள் தள்ளக் கேட்டதற்கு, முழுப் பணமும் போயிற்று என்று ஒரு வரியில் பதில் அனுப்பினார்கள். விதிமுறையில் அப்படித்தான் இருந்தது என்றால் சரி, ஆனால் முன்பதிவுப் பக்கத்தில் அதை எழுதிய இடம் கண்ணில் படுகிற இடமா என்பதுதான் கேள்வி. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது முன்கணிப்பு. இதைப் பற்றித் தனியாகவே ஒரு மதிப்பீடு எழுதலாம். காசு கட்டிப் பார்க்கும் ஒரு அலை முன்கணிப்புச் செயலியை நான் அங்கே சென்ற 2024 குளிர்காலம் முழுக்க வைத்திருந்தேன். கலர் கலராகப் பட்டைகள், பதினாறு நாளுக்கு அந்தப் பக்கம் கூட 25 அடி என்று சிவப்பாக ஒரு கோபுரம் நிற்கும், ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது பன்னிரண்டு அடியாகச் சுருங்கியிருக்கும், மறுநாள் காணாமலே போயிருக்கும். கணினிக் கணிப்பு என்றால் அப்படித்தான் மாறும், அதில் தப்பு இல்லை. ஆனால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சொல்லாமல் நெருப்புப் படத்தை ஒட்டிக் காட்டுவது சரியில்லை. பத்து நாளுக்கு அப்பால் சொல்வதைக் கண்டுகொள்ளாதீர்கள், ஐந்து நாளுக்குள் வந்தால் கவனியுங்கள், மூன்று நாளுக்குள் வந்தால் சாமான் கட்டத் தொடங்குங்கள். மற்றபடி அந்தச் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.

அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற மிதவை அளவீடுகளுக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். அமெரிக்கத் தேசிய மிதவைத் தரவு மையம் கடலில் மிதவைகளைப் போட்டு, அலை உயரம், அலை இடைவெளி (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் ஆகும் நொடிகள்), திசை எல்லாவற்றையும் பொதுவில் வெளியிடுகிறது. இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 51101, 51201. முதலாவது கவாய் தீவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 190 கடல் மைல் தொலைவில் நிற்கிறது. இரண்டாவது வைமேயா விரிகுடாவின் வாசலிலேயே மிதக்கிறது. முன்னதில் அலை ஏறத் தொடங்கினால் நமக்குத் தயாராக நேரம் கிடைக்கும். எவ்வளவு நேரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அலை இடைவெளியை நொடியில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு எத்தனை கடல் மைல் ஓடுகிறது என்று வரும். 20 நொடி இடைவெளி என்றால் மணிக்கு 30 கடல் மைல். கவாயையும் தாண்டி ஓவாஹூ வரை வந்து சேர ஒன்பது மணி நேரத்தை ஒட்டிப் பிடிக்கும். 14 நொடி அலை என்றால் அதுவே பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும். நீள இடைவெளி அலைகள் முன்னால் ஓடி வரும், குட்டை இடைவெளி அலைகள் பின்னால் வரும். அதனால் சாயங்காலம் அந்த மிதவையில் உயரம் இன்னும் பெரிதாக ஏறாமல் இடைவெளி மட்டும் திடீரென்று 20 நொடியைத் தாண்டிக் குதித்தால், அதுதான் முதல் தகவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிதவை காட்டும் உயரம், வந்த அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைவிட ரொம்பப் பெரிதாக, இரண்டு மடங்கை ஒட்டிக்கூட வரலாம். இதைத் தெரியாமல் “மிதவையில் 18 அடிதானே” என்று ஈர மணலில் பாய் விரிப்பவர்களை அங்கே பார்க்கலாம்.

2024 டிசம்பர் 21 சனிக்கிழமை இரவு, மறுநாள் போட்டி என்று அறிவிப்பு இருந்தும், என்னோடு வந்த அக்கா, என் நண்பனின் மனைவி, நம்ப மாட்டேன் என்றார். “2016ல விடியக்காலைல ரத்து பண்ணாங்கல்ல, நீயும்தானே கதை கதையாச் சொன்ன.” நான் ஃபோனில் மிதவைப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் வரிசை வரிசையாக எண்களைப் பார்த்துவிட்டு, “இந்தக் கடைசி வரிசையில இருக்கிறது நொடியா? சரி, அப்ப தண்ணி பாட்டிலெல்லாம் நிரப்பிடலாம்” என்று எழுந்து போனார். எண்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன.

சாலை. இதுதான் பெரிய வேதனை. ஹொனலுலுவிலிருந்து வைமேயா சாதாரண நாளில் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் வடகரைக்குக் கடற்கரையை ஒட்டிப் போவது காமேஹமேஹா நெடுஞ்சாலை ஒன்றுதான், போக ஒரு தடம் வர ஒரு தடம், அவ்வளவே. ஹலேய்வா தாண்டியதும் ஆமை பார்க்க ஜனம் கூடும் லானியாகியாவில் சாதாரண ஞாயிற்றுக்கிழமையே வண்டி நகராது. எடி நாளில் கேட்கவே வேண்டாம். வைமேயாவில் சாலை செங்குத்தான பாறைச் சரிவுக்கும் கடலுக்கும் நடுவில் வளைந்து போகிறது. 2000 மார்ச்சில் அங்கே பாறை சரிந்து விழுந்து சாலையையே மாதக்கணக்கில் மூட வேண்டி வந்தது. அகலப்படுத்த இடமில்லாத சாலை அது, அதில் பல்லாயிரம் பேர் ஒரே காலையில் வந்து சேர்கிறார்கள். கடற்கரைப் பூங்காவின் வண்டி நிறுத்துமிடம் நமக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓரத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் சக்கரம் இருந்தால்கூட இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அங்கே குடியிருப்பவர்கள் வீட்டு வாசலில் நிறுத்துவது அநியாயமும் கூட. ஆம்புலன்ஸ் வர வேண்டிய வழி அதுதான் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

பேருந்தில் போகலாம். ‘தி பஸ்’ என்ற ஊர்ப் பேருந்தில் 60ஆம் எண் அந்தக் கரை வழியாகப் போகிறது. மடியிலோ இருக்கைக்கு அடியிலோ அடங்காத சாமானை ஏற்ற மாட்டார்கள், ஆகவே ஐஸ்பெட்டி, பெரிய நாற்காலி எல்லாம் மறந்துவிட வேண்டும். அதே நெரிசலில்தான் பேருந்தும் நிற்கும் என்பதால் அன்று காலை கிளம்பினால் மதியம்தான் போய்ச் சேருவீர்கள். என்னைக் கேட்டால் ஒரே வழி, முதல் நாள் மத்தியானத்துக்குள் வடகரைக்குள் போய்விடுவது. வைமேயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பூபூகேயாவில் அறை கிடைப்பது கஷ்டம், குறுகிய காலத்துக்கு வீடு வாடகைக்கு விடுவதில் அந்த ஊர்ச் சட்டம் கெடுபிடியானது, பெரிய ஓட்டல் என்று பார்த்தால் டர்டில் பே பக்கம் ஒன்றுதான். ஆனால் பூபூகேயாவிலிருந்து சன்செட் வரை சாலையை ஒட்டியே நடப்பதற்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை இருக்கிறது. அந்தப் பாதை ஓரத்தில் எங்கே இடம் கிடைத்தாலும் எடுங்கள், வைமேயாவுக்கு நடந்தே போகலாம், நெரிசலில் நிற்கும் வண்டிகளைத் தாண்டிக்கொண்டு. நாங்கள் அப்படித்தான் போனோம், இருட்டு விலகும் முன்னாலேயே. வழியில் கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு அலை உடையும்போதும் பாதையே அதிர்ந்தது. காலடியில் உணர முடிந்தது.

எங்கே நிற்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. மேலே நெடுஞ்சாலை வளைவின் தடுப்பு ஓரம், அல்லது கீழே மணல். மேலே நின்றால் அலை வரும் முன்னாலேயே தெரியும். அடிவானத்தில் கடல் தடித்து ஒரு கருப்புக் கோடு எழும், அதற்குப் பின்னால் இன்னொன்று, மேலே நிற்பவர்கள் கத்தத் தொடங்குவார்கள், வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். கீழே மணலில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் அறிவிப்பு. தண்ணீரில் பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டதும் வெளிக்கடலைப் பார்த்துத் துடுப்புப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கீழே இருந்து பார்த்தால் மனிதர் எவ்வளவு சிறியவர் என்பது தெரியும். பலகையே ஒன்பது பத்து அடி நீளம், அதன் மேல் எழுந்து நிற்கும் ஆள், அவருக்கு மேலே இன்னும் ஐந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீர். முதல் இறக்கத்தில் பலகையின் அடிப்பக்கம் தண்ணீரை விட்டு விலகி, ஆளும் பலகையும் ஒரு நொடி காற்றில் தொங்குவதை வெறும் கண்ணால் பார்த்தேன். அவர் கால் பலகையில் திரும்பவும் ஒட்டியதா என்று தெரியும் வரை பக்கத்தில் நின்ற யாரும் மூச்சு விடவில்லை. ஒட்டியது. அப்போது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நான் காலையில் மணலிலும் மதியத்துக்கு மேல் சாலை ஓரத்திலும் பார்த்தேன், இரண்டையும் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பைனாகுலர் கட்டாயம், 8 மடங்கு போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது. பூபூகேயாவில் மளிகைக் கடை இருக்கிறது, ஆனால் அன்று வரிசை தெருவுக்கு வந்துவிடும், சாப்பாட்டை முதல் நாளே கட்டிவிடுங்கள். கழிப்பறை வரிசை பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. நிழல் கிடையாது, தொப்பி வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. வைமேயாவில் கரையோர அலையே ஆளைத் தூக்கி மணலில் அறையும் அளவுக்குப் பெரியது, எடி நாளில் நுரைத்தண்ணீர் மணல் முழுக்க ஏறி வரும். லைஃப்கார்டுகள் மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள், ஒலிபெருக்கியில் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த ஊர்க்காரப் பெண்மணி, அங்கே எல்லாரும் ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள், எங்கள் பையைக் காட்டி, மணல் ஈரமாக இருக்கிற கோட்டுக்கு மேலே இன்னும் இருபது அடி ஏறி உட்காருங்கள் என்று அதட்டினார். ஏறினோம். ஒரு மணி நேரத்துக்குள் நாங்கள் முதலில் இருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது, யாருடையதோ செருப்புகளும் துண்டுகளும் அதோடு போயின. கலிபோர்னியாவின் மேவரிக்ஸ் போட்டியில் 2010 பிப்ரவரியில் இப்படித்தான் பார்வையாளர்கள் நின்ற இடத்துக்கே அலை ஏறி வந்து பலர் காயப்பட்டார்கள். குழந்தைகளோடு போனால் மேலே சாலைப் பக்கம்தான் சரி. கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம்.

இந்த லைஃப்கார்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் போட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. எடி ஐகாவே அந்த விரிகுடாவின் லைஃப்கார்டு, 1968இல் வேலைக்குச் சேர்ந்தவர், 500 பேருக்கு மேல் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். 1978 மார்ச்சில் ஹோகுலேயா என்ற பாரம்பரியப் பாய்மரப் படகு ஓவாஹூவுக்கும் மொலகாய்க்கும் நடுவில் கவிழ்ந்தபோது, கூட இருந்தவர்களுக்கு உதவி கொண்டுவர அவர் தன் பலகையில் தனியாக லனாய் தீவை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர் கிடைக்கவே இல்லை. வைமேயாவில் 1986-87இல் நடந்த போட்டியில் ஜெயித்தவர் அவருடைய தம்பி கிளைட் ஐகாவ். அதே கிளைட் 2016இல் 66 வயதில் மறுபடியும் அந்த அலைகளில் இறங்கினார், 2025இல் காலமானார். 2023இல் ஜெயித்த லூக் ஷெப்பர்ட்சன் அன்று அதே கடற்கரையில் பணியில் இருந்த லைஃப்கார்டு. இடைவேளையில் வந்து சறுக்கிவிட்டுத் திரும்பக் கோபுரத்துக்குப் போய் வேலையைப் பார்த்தார். அவருக்கு அடுத்த இடம்தான் ஜான் ஜான் ஃப்ளாரன்ஸுக்கு. பெண்கள் முதன்முதலாக இந்தப் போட்டியில் சறுக்கியதும் அதே 2023இல்தான், ரொம்பத் தாமதம், ஆனாலும் வந்துவிட்டார்கள். நான் பார்த்த 2024 போட்டியில் லாண்டன் மெக்நமாரா ஜெயித்தார். மறுநாளே கலிபோர்னியாக் கரையிலும் கடல் பொங்கி, சாண்டா குரூஸ் மரத்துறையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அலையின் பலம் எந்த அளவு என்று யாராவது கேட்டால் இந்தத் தகவலைத்தான் சொல்கிறேன்.

போர்ச்சுகலின் நசாரே போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அதுவும் அருமை, கலங்கரை விளக்கக் கோட்டையிலிருந்து பார்க்கும் கோணம் வைமேயாவில் கிடைக்காது, அலையும் அங்கே இன்னும் பெரிது. 2020இல் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய 26.21 மீட்டர் அலை அங்கேதான். அங்கேயும் காத்திருப்புக் காலம், அறிவிப்பு எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் ஜெட் ஸ்கீ இழுத்துவிடுகிறது. கையால் துடுப்புப் போட்டு, கடைசி நொடி வரை போகலாமா வேண்டாமா என்று முடிவு எடுத்து விழுகிற அந்தப் போராட்டத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் வைமேயாதான்.

யாருக்கு வேண்டாம்? ஒரு வார விடுமுறையை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் கட்டாயம் எடி பார்த்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வேண்டாம். நெரிசலில் நிற்க முடியாத பெரியவர்களைக் கூட்டிப் போகவும் வேண்டாம், அவசரத்துக்கு வெளியே வர வழி இல்லை. அவர்களுக்கு வீட்டில் நேரலைதான் உத்தமம், இலவசமாகவே ஒளிபரப்பாகிறது, மெதுவோட்டக் காட்சிகளில் மணலிலிருந்து தெரியாத பல விஷயங்கள் தெரிகின்றன. குறை என்றால் நேரலையில் அலைக்கு அலை நடுவில் பேச்சு அதிகம், கடலைக் காட்டாமல் பேசுபவர்கள் முகத்தைக் காட்டும்போது சரியாக ஒரு அலைக்கூட்டம் வந்து போய்விடுகிறது. ஹவாயில் காலை 8 மணிக்கு முதல் ஹீட் என்றால் இந்திய நேரப்படி அதே நாள் இரவு 11.30, சிங்கப்பூரில் மறுநாள் விடியற்காலை 2 மணி. இரண்டாம் சுற்று பார்க்க வேண்டும் என்றால் இந்தியாவில் விடிகாலை வரை விழித்திருக்க வேண்டியிருக்கும், முதல் நாள் மத்தியானமே தூங்கி வையுங்கள்.